ஏழு கிலோவுக்குள்

பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு எடை மெஷின்மேல் நின்றவர், குனிந்து எண்ணைப் பார்த்தார். தன் எடையை மனத்துக்குள் கழித்தார். மறுபடியும் கழித்தார்.

"ஒன்பது புள்ளி நாலு" என்றார், யாரோ இறந்த செய்தியைச் சொல்வதுபோல.

"காலைல ரெண்டு தம்ளர் தண்ணி குடிச்சீங்களே, அதைக் கழிச்சீங்களா?" என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

அவர் இன்னொரு முறை கழித்துப் பார்த்தார். பதினாறு வருடமாகக் கம்பெனியின் கிடங்குப் பொறுப்பாளர். ஆணியிலிருந்து அலமாரிவரை எதையும் இடம் பார்த்து அடக்கி வைப்பவர். கிடங்கு மேலாளர் பதவி இரண்டு முறை காலியாகி, இரண்டு முறையும் வேறு யாருக்கோ போயிற்று. இப்போது மூன்றாம் முறை காலியாகப் போகிறது. இந்த நேரத்தில்தான் வெள்ளிக்கிழமை கம்பெனி மேனேஜரே கிடங்குக்கு இறங்கி வந்தார். தலைமை அலுவலகத்தில் மூன்று நாள் கூட்டம், ஞாயிற்றுக்கிழமை மத்தியான விமானம், கூட வர வேண்டும் என்றார். வாசல்வரை போனவர் திரும்பி, "ஒண்ணே ஒண்ணு. கைப்பெட்டி மட்டும்தான். ஏழு கிலோ. அதுக்குமேல ஒரு கிராம் கூடாது" என்றார். இவர் "சரி சார்" என்றார்.

"பரீட்சை வைக்கிறார்" என்று அன்று மாலையே மனைவியிடம் சொல்லிவிட்டார். "ஒரு பெட்டியை அடக்கத் தெரியாதவன் கிடங்கை எப்படி அடக்குவான்னு பாக்கறார்."

"மனுஷன் சாதாரணமாச் சொல்லியிருப்பாருங்க."

"மேனேஜர் எதையும் சாதாரணமாச் சொல்ல மாட்டார்."

இப்போது பெட்டிக்குள் துணிகளோடு இரண்டு தடித்த புத்தகங்கள் இருந்தன. எந்தப் பொருளையும் நாற்பது விநாடிக்குள் எடுக்கும்படி கிடங்கை மாற்றியமைக்கும் திட்டம். இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயிருந்தன. கெட்டி அட்டை போட்டு இரண்டு பிரதிகள். ஒன்று மேனேஜருக்கு, ஒன்று தலைமை அலுவலகத்துக்கு.

மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, துணியை பிளாஸ்டிக் பையில போட்டுக் காத்தை உறிஞ்சிட்டா பாதியாயிடும். பக்கத்து வீட்டுல வாக்குவம் க்ளீனர் இருக்கு."

வாக்குவம் க்ளீனர் வந்தது. பெருஞ்சத்தத்தோடு காற்றை இழுத்தது. சட்டைகள் அட்டைபோல ஒட்டிக்கொண்டன. பாதிப் பெட்டி காலியாகத் தெரிந்தது. அவர் முகம் மலர்ந்தது. குளித்துவிட்டு வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

பதினொன்று.

"என்ன இது?"

"இடம்தான் அவ்வளவு கெடந்துதே" என்றாள் மனைவி. "குடை, துண்டு, கம்பளி, ஒரு டப்பா பிஸ்கட், தலைவலித் தைலம். சும்மா காலியா எதுக்குப் போகணும்?"

அவர் பெட்டியைத் திறந்து அவள் பக்கமாகத் தள்ளினார். மனைவி ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள்.

"சுருக்கினா இடம்தானேப்பா குறையும், எடை எப்படிக் குறையும்?" என்றாள் மகள், ஏதோ புதிதாகக் கண்டுபிடித்தவள் மாதிரி.

"அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கலையே!"

பிறகு அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. உடம்பில் போட்டிருப்பதை யாரும் நிறுக்கப்போவதில்லை. இரண்டு சட்டை, இரண்டு பேன்ட், மேலே கோட்டு. வேர்வை நெற்றியில் வழிய, பெட்டியோடு மெஷின்மேல் ஏறினார்.

ஒரு கிராம்கூடக் குறையவில்லை.

"மெஷின் கெட்டுப்போச்சு!"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு" என்றாள் மகள். "பெட்டியில இருந்தது இப்ப உங்க மேல இருக்கு. உங்களைத் தனியா நிறுத்துட்டு அப்புறம் கழிங்கப்பா."

எட்டு புள்ளி நாலு.

அவர் திருப்புளியைத் தேடினார். சக்கரங்கள் நான்கும் கழன்றன. இழுக்கும் கைப்பிடியும் கழன்றது. அதோடு, யாரும் கழற்றாமலே பெட்டியின் ஒரு மூலையும் கழன்றது. அதை டேப் போட்டு ஒட்டினார்.

"இனி இதை எப்படிக் கொண்டு போவீங்க?"

"குழந்தையைத் தூக்கற மாதிரி."

"நம்ம குழந்தையை ஒரு நாளாவது தூக்கியிருக்கீங்களா?" என்றாள் மனைவி. மகள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. ஏழு புள்ளி ஒன்பது.

வண்டி வர அரை மணி நேரம் இருந்தது. பெட்டிக்குள் இனி எடுக்க இரண்டு பொருள்தான் மிச்சம். மூவருக்கும் அது தெரிந்திருந்தது. அவர் ஒரு பிரதியை எடுத்து மேசைமேல் வைத்தார். ஏழு புள்ளி நாலு. இன்னொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். பக்கங்களைப் புரட்டினார். ஓர் அலமாரியின் படத்தில் கொஞ்ச நேரம் விரல் நின்றது.

"ஏங்க, அதைக் காட்டத்தானே போறீங்க?" மனைவியின் குரலில் இப்போது கேலி இல்லை.

"முதல்ல பரீட்சை பாஸாகணும். பதவி கெடைச்சா அப்புறம் எப்ப வேணா காட்டிக்கலாம்."

முன்னால் இருந்த மூன்று பக்கச் சுருக்கத்தை மட்டும் உருவி, மடித்து, கோட்டுப் பைக்குள் வைத்தார்.

ஆறு புள்ளி ஒன்பது.

விமான நிலைய வாசலில், டேப் ஒட்டிய பெட்டியை மார்போடு அணைத்தபடி, இரண்டு சட்டையும் நனைய அவர் நின்றுகொண்டிருந்தார். கடந்து போனவர்கள் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் கவலைப்படவில்லை. பெட்டி ஒவ்வொரு நிமிடமும் கனத்துக்கொண்டே வந்தாலும், அது ஆறு புள்ளி ஒன்பதுதான் என்பது அவருக்குத் தெரியும்.

மேனேஜரின் கார் வந்தது. மேனேஜர் இறங்கி, அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கைப்பெட்டி மட்டும்தானே?"

"ஆறு புள்ளி ஒன்பது சார்."

"பிரமாதம்!" என்று தோளில் தட்டினார் மேனேஜர். அந்தத் தட்டலில் பதினாறு வருடக் களைப்பும் இறங்கிப்போனது. அவர் கை தானாகக் கோட்டுப் பையைத் தொட்டது. அதற்குள் மேனேஜர் போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே நடந்துவிட்டார்.

டிரைவர் காரின் பின்பக்கத்தைத் திறந்து, கயிறு கட்டிய இரண்டு பிரம்மாண்டமான பெட்டிகளை மூச்சுவாங்க இறக்கினான்.

"இதெல்லாம் என்னப்பா?"

"மேனேஜர் பொண்ணு அந்த ஊர்ல புதுசா வீடு எடுத்திருக்காங்கல்ல சார், அவங்களுக்குப் பாத்திரம் பண்டம்."

"இவ்வளவையும் அவர் டிக்கெட்ல விடுவாங்களா?"

டிரைவர் ஒரு பெட்டியை மேனேஜர் போன பக்கமாகத் தள்ளினான். இன்னொன்றை இவர் காலடியில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"கைப்பெட்டி போக ஒரு டிக்கெட்டுக்கு ஒரு பெரிய பெட்டிதான் சார் விடுவாங்க, அதான் ஆபீஸ்ல மூணு பேரைக் கேட்டுப் பாத்தார், எல்லாரும் எங்க பெட்டியை எங்க போடுறதுன்னுட்டாங்க, நீங்க ஒருத்தர்தான் சரின்னீங்களாம்."