அப்புறம் சார் கட்டிய சுவர்

பின்னறைச் சுவரில் அப்புறம் சார் போட்ட முதல் ஓட்டையிலேயே காரை ஒரு தட்டு அகலத்துக்குப் பெயர்ந்து அவர் காலடியில் விழுந்தது. உள்ளே செங்கல் நசநசவென்று ஈரமாக இருந்தது.

‘அப்புறம் சார்’ என்பது அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர். எதைக் கேட்டாலும் “அப்புறம் பார்க்கலாம்” என்பார். வீட்டிலும் அதே பாட்டுதான். பின்னறையை ஒழிக்கவும் வீட்டைப் பழுதுபார்க்கவும் மனைவி சொல்லிச் சொல்லி வாய் வலித்து, கடைசியில் சொல்வதையே விட்டுவிட்டாள்.

ஆனால் இந்த முறை கேட்டது மகள். “பிடியெல்லாம் வெச்சு, ஏறி விளையாடுற மாதிரி ஒரு சுவர் வேணும்பா. பின்ரூம்லதான் வேணும். வேற எங்கயும் வேணாம்” என்று பாடம் ஒப்பிப்பது போல் நின்றாள்.

எதையுமே கேட்காத பெண் வாய்விட்டுக் கேட்டதில் மனிதர் உருகிப்போனார். இவளிடமாவது அப்புறம் சாராக இருக்கக் கூடாது என்று அன்றைக்கே பலகைகளும் கைப்பிடிகளும் வாங்கிவிட்டார். அவற்றுக்கு இடம் வேண்டுமே. பின்னறையில் அவர் கட்டிக் காத்த ஓடாத டிவியும் காலுடைந்த நாற்காலிகளும் பழைய சாமான் வண்டி ஏறின. வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்போது இந்த ஈரம். பிளம்பர் வந்து, குளியலறைக் குழாய் சுவருக்குள்ளேயே கசிகிறது என்றார். குழாயை மாற்றச் சுவரை உடைத்தபோது ஒயர் அறுந்து பாதி வீடு இருண்டது. எலக்ட்ரீஷியன் உள்ளே எட்டிப் பார்த்தார்.

“இந்த ஒயரை நம்பி எப்படி சார் தூங்குனீங்க?”

எல்லாவற்றையும் பிடுங்கி மாற்றினார். உடைத்ததைப் பூசக் கொத்தனார் வந்தார். புதுப் பூச்சுக்குப் பக்கத்தில் மற்ற சுவர்கள் பல்லிளித்ததால் பெயிண்டரும் வந்தார். அப்புறம் சாருக்கு லீவு தீர்ந்து, முதுகும் பிடித்துக்கொண்டது.

இத்தனைக்கும் மனைவி ஒரு வார்த்தை திட்டவில்லை. கேட்காமலேயே டீ வந்தது. டம்ளரை வாங்கிக்கொண்டே அவள் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“கோவமா இருக்கியா?”

“எனக்கென்ன கோவம்? பொண்ணு ஆசைப்பட்டுட்டா. செய்யுங்க.”

ஒருவழியாகச் சுவர் எழுந்து நின்றது. சிவப்பும் மஞ்சளுமாகக் கூரைவரை பிடிகள், கீழே கனத்த மெத்தை. மகளைக் கூட்டிவந்து முன்னால் நிறுத்தியபோது அவருக்குப் பெருமையில் கண் கலங்கியது.

“ஏறும்மா.”

அவள் அண்ணாந்து பார்த்தாள். ஓரடி பின்னால் வந்து அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு உயரம்னா பயம்பா. அம்மாதான் கேக்கச் சொன்னாங்க.”