என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அட்சதை

இசையை ரசிக்கிறவனோடு ஒரே வீட்டில் குடித்தனம் பண்ணலாம். ரசிப்பதாகக் காட்டிக்கொள்கிறவனைக் கல்யாண மண்டபத்து வாசலிலேயே மடக்கி, செல்போனைப் பிடுங்கிக்கொண்டு, கையில் ஒரு டம்ளர் காபியைக் கொடுத்து உட்கார வைத்துவிட வேண்டும். எங்கள் குடும்பம் இந்த உண்மையைக் கற்றுக்கொண்டது என்னால்தான். அதற்கான கட்டணத்தை என் அக்கா கட்டினாள்.

எனக்கு அப்போது கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்த புதுசு. முதல் சம்பளத்தில் எல்லாரும் அம்மாவுக்குப் புடவை எடுப்பார்கள். நான் காதை மொத்தமாக மூடுகிற பெரிய ஹெட்போன் ஒன்று வாங்கினேன். (புடவை தீபாவளிக்கு எடுத்துக்கொடுத்தேன். அம்மா இன்னும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.) அந்த ஹெட்போனில் சினிமாப் பாட்டு கேட்பேன் என்று நினைத்துவிடாதீர்கள். சேச்சே, பாட்டு கேட்பதெல்லாம் பாமரர்கள். நான் கேட்டது படங்களுக்குப் பின்னணியாகப் பெரிய ஆர்கெஸ்ட்ரா வைத்து வாசித்து, தனி ஆல்பமாக வெளியிடுவார்களே, அந்த இசை. பாடகர் கிடையாது, வரிகள் கிடையாது. வயலின், செல்லோ, ஓபோ, கொம்பு, பெரிய பெரிய முரசு. முக்கால்வாசி வெளிநாட்டுப் படங்கள். அந்தப் படங்களை நான் பார்த்ததும் இல்லை. பார்த்தால் இசை கெட்டுவிடும் என்று ஒரு கொள்கை வேறு வைத்திருந்தேன்.

கொள்கைக்கா பஞ்சம்? ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை வரிசையாகத்தான் கேட்க வேண்டும். நடுவில் ஒன்றை மட்டும் பிய்த்து எடுப்பது பாவம். எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்க வேண்டும். "கண்ணு தொறந்திருந்தா காது பாதிதான் வேலை செய்யும்" என்று குடிகாடு கிராமத்தில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவுக்கு நான் வகுப்பு எடுத்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பிடித்து உட்கார வைத்து, தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டேன். பாவம் மனுஷன், வெகுநேரம் ஆடாமல் அசையாமல் கேட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:

"நல்லாத்தான்டா இருக்குது. பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"

வீட்டில் என்னை மதித்த ஒரே ஜீவன் என் அக்கா கலைச்செல்விதான். அவள் கொள்கை எதுவும் பேசமாட்டாள். வேலையெல்லாம் முடித்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்காருவாள். அவளுக்காகச் சின்ன இயர்போனை எடுத்து ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொள்வோம். ஒரு ஆல்பத்தில் முதல் துண்டு அவளுக்கு உயிர். நம் நாயனம்போல ஊதுகிற ஓபோ மட்டும் தனியாக ஆரம்பிக்கும், அப்புறம் வயலின்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்து சேரும். மனசு சரியில்லாத நாளில், "அந்த ஊதறத போடுடா" என்பாள். கேட்டு முடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விடுவாள். அதுதான் ரசனை என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. இவளுக்கு விளக்கிச் சொல்லத் தெரியவில்லையே என்று பரிதாபப்பட்டேன்.

அக்காவுக்குச் சிதம்பரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், தங்கமான மனுஷன். கல்யாணமும் சிதம்பரத்திலேயே. கல்யாணத்துக்கு முந்தின வாரம் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"டேய், பொடவ அம்மா எடுத்தாங்க. மண்டபம் மாப்ள வீட்டுல பாத்தது. சாப்பாடு அப்பா சொன்னது. எனக்குன்னு ஒண்ணும் இல்ல. கூறப்பொடவ கட்டிகிட்டு ரூமுலேருந்து மேடைக்கு நான் நடந்து வருவேன்ல, அந்த நேரத்துக்கு மட்டும் அந்த ஊதறத போடுறியா?"

"போட்டுட்டா போவுது."

"அத மட்டும் தனியா எடுத்து வெச்சுக்கோ. அதுக்கு அடுத்தது டமடமன்னு வருமே, அது வந்துடப் போவுது."

அடுத்தது ஒரு பெரும்படை போருக்குக் கிளம்புகிற இசை. நான் சிரித்தேன். "ஆல்பத்துலேருந்து பிய்க்கக் கூடாதுக்கா. முடிஞ்ச உடனே நானே என் கையால நிறுத்துறேன். எனக்கே சொல்லித் தர்றியா?"

அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல இருக்கிறது.

கல்யாணத்தன்று காலை மண்டபம் நிறைந்து வழிந்தது. நாயனக்காரரிடமும் தவில்காரரிடமும் போய், பொண்ணு வரும்போது கொஞ்ச நேரம் வாசிப்பை நிறுத்திக்கொள்ளச் சொன்னேன். தவில்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "செல்போனா? ம்... ஆவட்டும் தம்பி" என்று குச்சியை மடியில் வைத்துக்கொண்டார். மேடைக்குப் பக்கத்திலிருந்த மைக் செட்டில் என் போனைச் சொருகினேன். மாப்பிள்ளை மணையில் உட்கார்ந்திருந்தார். அட்சதைத் தட்டு வரிசை வரிசையாகப் போய், எல்லார் கையிலும் மஞ்சள் அரிசி இருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தாலி கட்டுவதை நம் ஊர்க் கல்யாணங்களில் யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. மேடையைப் போட்டோக்காரர் மறைப்பார், போட்டோக்காரரை வீடியோக்காரர் மறைப்பார், இரண்டு பேரையும் சேர்த்துச் சொந்தக்காரர்கள் மறைப்பார்கள். மற்றவர்களுக்குக் காதுதான் கண். கெட்டி மேளம் கேட்டதா, கையிலிருப்பதை முன்னால் இருக்கிறவர் முதுகைப் பார்த்து வீசிவிட்டு, முதல் பந்திக்கு ஓட வேண்டியது. இது காலங்காலமாக நடந்து வருகிற ஏற்பாடு.

ஐயர், "பொண்ணை அழைச்சுண்டு வாங்கோ" என்றார். மணமகள் அறை வாசலிலிருந்து அத்தை ஒருத்தி கையை ஆட்டினாள். நான் பட்டனைத் தட்டினேன்.

மண்டபம் பூராவும் அந்த ஓபோ கேட்டது. ஆகா! சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அமைதியாகிவிட்டார்கள். எத்தனை நாள் கனவு! இவர்களுக்கு எப்படி ரசிப்பது என்று காட்டிக்கொடுக்க வேண்டாமா? மைக் செட் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒரு கையை நெஞ்சில் வைத்து, கண்ணை மூடினேன். வயலின்கள் ஒவ்வொன்றாக வந்தன. எனக்கு உலகமே மறந்துபோனது.

மறந்துபோன உலகத்தில் நடந்தது இது. அறை வாசல் வரை வந்த அக்காவுக்குக் கூறைப்புடவையின் கொசுவம் சரிந்துவிட்டது. அத்தை அவளைத் திரும்ப உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். வாசல் எனக்கு நேர் எதிரேதான் இருந்தது. கண்ணைத் திறந்திருந்தால் போதும், நிறுத்திவிட்டு மறுபடி போட்டிருக்கலாம். அக்கா உள்ளே பின் குத்திக்கொண்டிருக்க, அவளுடைய இசையை நான் ஒருத்தனே சொட்டு விடாமல் கேட்டு முடித்தேன்.

முடிந்த ருசியில் ஒரு பெருமூச்சு விட்டேன். அந்தப் பெருமூச்சுக்குள் படை கிளம்பிவிட்டது.

முரசு என்றால் அப்படி ஒரு முரசு. கூடவே கொம்புகள் எல்லாம் சேர்ந்து பிளிறின. பின் வரிசையில் ஒரு குரல், "கெட்டி மேளம்! கெட்டி மேளம்!" என்றது. அவ்வளவுதான், மண்டபத்தில் அரிசி மழை. மேலே அரிசி விழுந்ததும் தவில்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஐயர் காட்டிய சைகையைத் தவறவிட்டோம் என்று நினைத்து, அவரும் குச்சியை எடுத்து வெளுத்து வாங்கினார். அதற்குமேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

என் மேலும் சடசடவென்று ஏதோ விழுந்தது. இசையின் உச்சத்தில் உடம்பு சிலிர்க்கிறது என்று நினைத்துக்கொண்டேன். (கடவுளே!) மேடையில் மாப்பிள்ளை தலையெல்லாம் அரிசியோடு, பக்கத்து மணையைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். தாலி, தட்டில் தேங்காய் மேல் சும்மா இருந்தது.

அப்பா வந்து என் தோளை உலுக்கியபோதுதான் கண்ணைத் திறந்தேன். எதிரே காலி நாற்காலிகள். தரையெல்லாம் அரிசி. முக்கால்வாசி ஜனம் சாப்பாட்டு ஹாலுக்குப் போய்விட்டது. மாப்பிள்ளையின் அம்மா நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நின்றார்கள். "பொண்ணு வராமலே அட்சத வுழுந்துடுச்சே. என்னா சகுனம்ங்க இது? என் புள்ளைக்கு ஒரு கல்யாணந்தானே?" அப்பா அவர்கள் முன்னால் கையைக் கூப்பினார். அப்பா யார் முன்னாலும் கை கூப்பி நான் பார்த்ததில்லை. முகூர்த்தம் முடியப் போகிறது, அப்புறம் எமகண்டம் என்று ஐயர் அவசரப்படுத்தினார்.

அந்த நேரம் பார்த்து அறைக் கதவு திறந்தது. கூறைப்புடவையில் அக்கா வந்து நின்றாள். காலி நாற்காலிகளைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"டேய், எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

அவள் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். மண்ணு பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது.

சாப்பாட்டு ஹாலுக்கு ஓடினேன். திட்டக்குடி சித்தப்பா முதல் இலையில் உட்கார்ந்து, பொங்கலைச் சாம்பாரில் குழப்பிக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, வாங்க! இன்னும் தாலி கட்டல!"

"நாங்க அட்சத போட்டுட்டமே!"

"அது சும்மா சித்தப்பா. அது என் போனு!"

"போனுக்கா அட்சத போட்டோம்?" சித்தப்பா தன் வலது கையைப் பார்த்தார். "எச்சக் கையா இருக்குதேடா. இந்தக் கையால எப்படி ஆசீர்வாதம் பண்றது?"

இடது கையால் போடுவது அதைவிடக் கேடு. கை கழுவப் போனால் குழாயடியில் பெரிய வரிசை. "வந்து நின்னாவது பாருங்க" என்று நான் கெஞ்சியதில், இலையைப் போட்டுவிட்டுப் பாதிப் பேர் எழுந்து வந்தார்கள். வீச ஒரு மணி அட்சதை கிடையாது. சமையல்கட்டிலிருந்து ஒரு படி பச்சரிசி வாங்கி, மஞ்சள் தூளைக் கொட்டி, பதற்றத்தில் தண்ணீரை ஜாஸ்தியாக ஊற்றிப் பிசைந்து எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அங்கே மாப்பிள்ளை தன் அம்மாவைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். "வுடும்மா. ஒத்திகை நல்லா நடந்துச்சில்ல? இனிமே நெசமா கட்டிடலாம்." ஐயரும், "ஆசீர்வாதம் முன்னாடியே வந்துடுத்து, பேஷ். கல்யாணம் பின்னாடி வரட்டும்" என்றார். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார்கள்.

அக்கா மேடைக்கு நடந்து வந்தாள். நாயனக்காரர் அசந்துபோய் உட்கார்ந்திருந்தார், ஆர்கெஸ்ட்ராவின் வயரை அப்பா பிடுங்கியிருந்தார். அவள் நடந்தபோது கேட்டது, காலடியில் அரிசி நெரிபடுகிற சத்தம் ஒன்றுதான். தனக்கென்று அவள் என்னிடம் கேட்டிருந்த ஒன்றே ஒன்று மட்டும் இல்லை.

தாலி ஏறியது. நான் அட்சதையை வீசினேன். ஈர அரிசி உதிருமா? கொழுக்கட்டைபோல ஒரே உருண்டையாகப் போய் மாப்பிள்ளையின் நெற்றியில் அப்பியது. கல்யாண ஆல்பத்தில் அந்தப் போட்டோ இன்றைக்கும் இருக்கிறது. முன்னால் ஒரு கண்ணை மூடிக்கொண்ட மாப்பிள்ளை, பின்னால் எங்கள் சித்தப்பாக்களும் மாமாக்களும் எச்சில் கையைத் தோளுக்கு மேல் தூக்கிக்கொண்டு, கோர்ட்டில் சத்தியம் செய்ய வந்தவர்கள்போல நிற்பார்கள்.

அக்கா நன்றாக இருக்கிறாள். மாமா இன்றைக்கும், "எனக்கு ரெண்டு கல்யாணம். மொதல் கல்யாணம் அரிசியோட ஆச்சி, ரெண்டாவதுதான் உங்கக்காவோட" என்று பள்ளிக்கூடம் வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன். ஆனால் அக்கா பொங்கலுக்கு வந்தபோது ஒரு நாள், பழைய ஞாபகத்தில் இயர்போனின் ஒரு பக்கத்தை அவளிடம் கொடுத்து அந்தத் துண்டைப் போட்டேன். ஓபோ ஆரம்பித்ததுமே கழற்றிக் கொடுத்துவிட்டாள். "வேற ஏதாச்சும் போடுடா" என்றாள். எனக்கு அடுத்ததைப் போடக் கை வரவில்லை.

இப்போதெல்லாம் எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் ஆனாலும், கெட்டி மேளம் கொட்டியதும் ஒருத்தரும் அட்சதை போடுவதில்லை. கையை ஓங்கிக்கொண்டு மொத்த மண்டபமும் திரும்பி என்னைப் பார்க்கும். நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டி, "நான் இல்லை" என்று தலையாட்டிய பிறகுதான் அரிசி பறக்கும். கடலூர் ஜில்லாவில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் தாலி கட்டும் போட்டோக்களை எடுத்துப் பாருங்கள். ஒருத்தர் முகமும் மேடைப் பக்கம் இருக்காது.

போன மாதம் சித்தப்பா பெண்ணின் கல்யாணம். பொண்ணை அழைத்து வரச் சொன்னதும், அக்கா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். என் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மணமகள் அறைக் கதவு திறந்தது.

"கண்ண மூடாதடா. பாரு, வந்துட்டா" என்றாள்.

நான் கண் இமைக்காமல் பார்த்தேன்.