சேர்வரோடு போன பெயர்

எனக்குக் கொம்பியூட்டர் தெரியும் என்று ஊருக்குள் முதலில் சொன்னது நானில்லை, அம்மா. மன்னார் ரவுனில் ஆறு மாதம் ஒரு வகுப்புக்குப் போனேன். அங்கே எல்லாருக்குமாக ஒரேயொரு கொம்பியூட்டர். அதுவும் பாதி நாள் மின்சாரம் இல்லாமல் துணி போர்த்திக்கொண்டு கிடக்கும். கொம்பியூட்டரைப் பார்த்ததைவிட அந்தத் துணியைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். (பூப்போட்ட துணி. கேட்டால் இப்போதும் வரைந்து காட்டுவேன்.) பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்ற பெண்களிடம் அம்மா, "என்ர மகன் கொம்பியூட்டர் எஞ்சினியர்" என்று சொல்லிவிட்டார். அந்தப் புளுகைக் காப்பாற்றும் வேலை என் தலையில் விழுந்தது.

ஒரு நிவாரண நிறுவனத்தின் மன்னார்க் கந்தோரில் வேலை கிடைத்தது. அதன் கிளை இலுப்பைக்கடவையில் இருந்தது. என் அக்காவின் புருஷன், இம்மானுவேல் அத்தான், அங்கே களஞ்சியப் பொறுப்பாளர். சண்டை மூண்டு ஒருநாள் பாதையைப் பூட்டினார்கள். அத்தான் அந்தப் பக்கம், வாயும் வயிறுமாக அக்கா இந்தப் பக்கம். அங்கே தொலைபேசி இல்லை. கிளைக் கந்தோரின் கூரையில் ஒரு சற்றலைட் தட்டு, அதற்குக் கீழே சேர்வர் என்ற தாய்க் கொம்பியூட்டர் ஒன்று, வீட்டுக் கதை கதைக்க அவ்வளவுதான் மிச்சம். அத்தான் அதன் வழியாக இமெயில் எழுதுவார். நான் அதை அச்செடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன். அக்கா வாசித்துவிட்டு மடித்துத் தலையணை உறைக்குள் வைப்பாள்.

ஆண் பிள்ளை பிறந்தது. அத்தானுக்கு உடனே எழுதிப் போட்டேன். அந்த வாரம் பார்த்து இமெயில் வருவது நின்றுபோனது.

"பேர் அவர்தான் வைக்கவேணும். மகன் பிறந்தா யோசிச்சு எழுதுறன் எண்டவர்," என்றாள் அக்கா. "நீ எஞ்சினியர்தானே தம்பி, ஒருக்காப் பார்."

கொழும்புக் கந்தோரில் கொம்பியூட்டர்களுக்குப் பொறுப்பாக நிசாம் நானா இருந்தார். போன் எடுத்தேன். "றிமோட் டெஸ்க்டொப்பால உள்ளுக்குப் போய்ப் பாருங்க தம்பி," என்றார். இங்கே இருந்தபடியே இலுப்பைக்கடவைச் சேர்வரின் திரையை நம்முடைய திரையில் வரவழைத்து, அங்கே உட்கார்ந்திருப்பதுபோல வேலைசெய்வதுதான் அது. வழக்கமாக நான் செய்கிற வேலைதான். போனேன். இடமில்லை என்றது. ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குத்தான் இடமாம், இரண்டு பேர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்களாம்.

எனக்கு வந்த கோபம்! யார் அந்த இரண்டு பேர்? கணக்குப் பார்க்கும் ஸ்டெல்லா மிஸ்ஸிடம் சண்டைக்குப் போனேன். "பிள்ளை பெத்தவள் வீட்டில அழுறாள், இதுக்குள்ள ஆர் குந்திக்கொண்டிருக்கிறது?" என்று மனேஜரின் அறை வாசலில் நின்று சத்தம் போட்டேன். நிசாம் நானா ஒரு பின்வாசல் வழியைச் சொல்லித்தந்தார். அதால் நுழைந்து, உள்ளே இருப்பவர்களின் பெயர்களை அவருக்கு வாசித்தேன். வாசிக்க வாசிக்க என் குரல் இறங்கிப்போனது.

"ரெண்டும் நீங்கதான் தம்பி," என்றார் அவர்.

நடந்தது இதுதான். எங்கள் ஜெனரேற்றரைப் பார்த்துக்கொண்டவர் மரியதாஸ் அண்ணன். எரிபொருள் தட்டுப்பாடு, ஆகவே மாலையானதும், "நிப்பாட்டப் போறன்!" என்று ஒரு சத்தம் போடுவார். ஓர் அருள் நிறைந்த மரியே செபம் சொல்லி முடிக்கிற நேரம் தருவார், பிறகு நிறுத்திவிடுவார். (அவசரமான நாட்களில் மாதாவைப் பாதி வழியிலேயே விட்டுவிடுவார்.) அந்தச் சத்தம் கேட்டதும் நான் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியைக் குத்திவிட்டு ஓடுவேன். அப்படி மூடினால் ஜன்னல்தான் மூடும், ஆள் உள்ளேயே இருப்பார் என்று எனக்கு யார் சொன்னது?

"இனி சும்மா குத்திட்டு ஓடப்படாது. ஒழுங்கா முடிச்சுப்போட்டுத்தான் எழும்பணும், விளங்கிச்சா?" என்றார் நானா.

விளங்கியது. விளங்காமல் இருந்திருக்கலாம்.

சற்றலைட்டில் வேலைசெய்வது கிணற்றுக்குள் ஊசி கோப்பதுபோல. இங்கே ஒரு சொடுக்குப் போட்டுவிட்டுப் போய்ப் பிளேன்ரீ குடித்து வந்தால், அங்கே பெட்டி பாதி திறந்திருக்கும். ஒருவழியாக, வெளியே போகமுடியாமல் தேங்கிநின்ற இமெயில்கள் வரிசையாகத் தெரிந்தன. நடுவில் ஒன்று, அத்தானிடமிருந்து அக்காவுக்கு. தலைப்பு: மகனுக்குப் பெயர்.

கத்திவிட்டேன். எல்லாரும் ஓடிவந்தார்கள்.

"திறந்து பாருமன்!" என்றார் ஸ்டெல்லா மிஸ்.

"அது அக்காவுக்கு வந்தது. நான் திறக்கிறது சரியில்லை," என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. (வாழ்க்கையில் நான் மிகவும் நேர்மையாக நடந்துகொண்ட நேரம் அது. அன்றோடு எனக்கு நேர்மையில் நம்பிக்கை குறைந்துபோனது.)

சிக்கியிருந்த புரோகிராமை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். கடிதங்கள் ஒவ்வொன்றாக நகரத் தொடங்கின. அத்தானின் கடிதத்துக்கு முன்னால், லொறி ஒன்றின் உடைந்த அச்சை எல்லாப் பக்கத்தாலும் படமெடுத்து யாரோ அனுப்பிய இமெயில் ஒன்று நின்றது. பாதைக்கு வந்த யானைபோல அது அசையவேயில்லை. நாங்கள் திரையைச் சுற்றி நின்று பார்த்திருந்தோம்.

"நிப்பாட்டப் போறன்!" என்றார் மரியதாஸ் அண்ணன்.

கை தானாகப் போனது. ஆனால் இந்த முறை நான் திருந்திய மனிதன். பெருக்கல் குறியைத் தொடவில்லை. ஒழுங்காக, முறையாக, நிறுத்து என்பதை அழுத்தினேன். ஏன் நிறுத்துகிறாய் என்று சேர்வர் கேட்டது. என்னைத் தடுத்துக் கேட்ட ஒரே ஜீவன் அதுதான். 'வேறு காரணம், முன்கூட்டியே திட்டமிட்டது' என்று தெரிவுசெய்து சரி என்றேன்.

திரை போய்விட்டது. அதற்குப் பின்னால் என்னுடைய கொம்பியூட்டர் ஒன்றுமே நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன நடந்தது?" என்று கேட்டார் ஸ்டெல்லா மிஸ்.

"நிப்பாட்டிப்போட்டன்."

"எதை?"

நான் வடக்குப் பக்கம், இலுப்பைக்கடவைத் திசையில் கையைக் காட்டினேன். ஜெனரேற்றரும் நின்றது.

"இங்கேயிருந்து ஓஃப் பண்ணலாம் தம்பி. ஒன் பண்ண ஏலாது. அங்க ஓராள் போய்ச் சுவிச்ச அமத்தணும்," என்றார் போனில் நிசாம் நானா, மரண வீட்டில் கதைக்கிற குரலில்.

அடுத்த நாள் காலை மனேஜர், கந்தோர் வேலைக்கு மட்டும் என்று இருந்த றேடியோவில் இலுப்பைக்கடவையைக் கூப்பிட்டார். இரைச்சலுக்குள் ஒரு குரல் வந்தது. "நாங்கள் வெள்ளாங்குளம் பக்கம் வெளிக்கிடுறம். ஷெல் கிட்ட விழுது. சேர்வரைக் கழட்டி மெஷின்ல ஏத்தியாச்சு. ஓவர்." மெஷின் என்றால் உழவு மெஷின். என் மருமகனின் பெயர் டிரக்டர் பெட்டியில் ஏறிவிட்டது. நான் பாய்ந்து மைக்கைப் பிடுங்கினேன். "பேர்! அத்தானிட்டப் பேரைக் கேளுங்கோ!"

"ஆற்ற பேர்? ஓவர்."

"சொந்தக் கதை றேடியோவில கதைக்கேலாது!" என்று மனேஜர் மைக்கைத் திரும்பப் பறித்தார். அதற்குள் மறுபக்கம் ஓய்ந்துவிட்டது. அன்று மாலை வரை அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், பாவம். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்குப் போய்த் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பெயர் இருக்கிறது அக்கா, மெஷினில் ஏற்றி வெள்ளாங்குளத்துக்குக் கொண்டுபோகிறார்கள் என்றேன்.

அக்கா பெயரைப் பற்றிக் கேட்கவேயில்லை. "அவரும் அதோட போறாரோ தம்பி?" என்றாள்.

நான் விசாரிக்கவில்லை. றேடியோவில் ஒரு மனிதக் குரல் கிடைத்தது, அதனிடம் அத்தான் சுகமா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. இன்றுவரை என்னை நானே மன்னிக்காத விஷயம் அதுதான்.

பிறகு மாதக்கணக்கில் ஒரு செய்தியும் இல்லை. பிள்ளை 'குட்டி' என்ற பெயரிலேயே தவழ்ந்தது. இனியும் பிந்தக்கூடாது என்று சுவாமியார் சொன்னதால் ஞானஸ்நானத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். நான் ஞானத்தகப்பன். (வேறு ஆண்பிள்ளை வீட்டில் மிச்சமில்லை.) பிள்ளைக்கு என்ன பெயர் என்று சுவாமியார் கேட்டார். "அவர் வைச்ச பேர் இருக்கு," என்று சொல்லி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சுவாமியார் என்னைப் பார்த்தார். தொலைந்ததைத் தேடித்தருகிற புனிதரிடம் நான் மாதக்கணக்காக நேர்ந்துகொண்டிருந்ததால், வாயில் வந்தது ஒரே பெயர்தான். அந்தோனி என்றேன். தண்ணீர் ஊற்றிவிட்டார்கள்.

அத்தான் வந்தார். சண்டை எல்லாம் முடிந்து, முகாமில் கிடந்து, பாதி ஆளாக வந்தார்; சேர்வர் வரவில்லை. அந்தோனி ஓடிப்போய் என் பின்னால் ஒளிந்துகொண்டான். பல நாட்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் அம்மாதான் கேட்டார், பிள்ளைக்கு என்ன பெயர் எழுதினீர்கள் என்று.

அத்தான் நெடுநேரம் யோசித்தார். "மறந்துபோச்சு மாமி," என்றார்.

நான் கிணற்றடிக்குப் போய் நின்று அழுதேன்.

இப்போது அந்தோனி என்னைவிட உயரம். அவன் பள்ளிக்கூடச் சோதனையில் கோட்டைவிட்டால் அத்தான் சொல்வார், "நான் வைச்ச பேரை வைச்சிருந்தா இவன் டொக்டராயிருப்பான்."

"என்ன பேரப்பா?" என்பான் அவன்.

ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பெயர் வரும். ஒருமுறை ஒரு ராசாவின் பெயர், ஒருமுறை ஒரு பாப்பரசரின் பெயர், உதைபந்தாட்ட நாட்களில் பிரேசில்காரன் யாராவது. எங்கள் வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லி, என்னை மின்விசிறியின் சுவிச்சைக்கூடத் தொட விடமாட்டார்கள். "மாமாவைக் கேளடா. அந்தக் கடிதத்தைக் கடைசியாப் பார்த்தவர் அவர்தானே," என்று அத்தான் முடித்துவைப்பார். எல்லாரும் சிரிப்போம், அக்காவும் சிரிப்பாள்.

பிறகு ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும், குசினி அடுப்படியில் நாங்கள் இருவரும் தனியாக நிற்கிற நேரம் பார்த்து, மெல்லக் கேட்பாள்:

"உண்மையா நீ திறந்து பாக்கேல்லையோ தம்பி?"