மூன்று தோட்டாவும் தவறிய ஷிகாரி அண்ணாச்சி

ஒரு மானைக்கூடச் சுடாமல் இருநூறு பேருக்கு வேட்டைக்காரராக விளங்கியவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் அரபு நாட்டு ஜெபல் அலியில், எங்கள் கேம்பில், என் கட்டிலுக்கு மேல் கட்டிலில் படுத்திருந்தார்.

எழுபதுகளின் பிற்பகுதி. துறைமுகம் என்று சொல்லிக்கொள்ள அப்போது அங்கே இருந்தது ஒரு பிரம்மாண்டமான பள்ளம்தான். நான் திருச்சியிலிருந்து ஸ்டோர் கீப்பராகப் போனவன். அவர் தூத்துக்குடிக்காரர், கிரேன் ஆபரேட்டர். பாஸ்போர்ட்டில் ஏதோ பெயர் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் ஷிகாரி அண்ணாச்சி; ஷிகாரி என்றால் இந்தியில் வேட்டைக்காரர். பட்டாணிய டிரைவர்கள் 'அண்ணாச்சி' என்பதையே பெயராக எண்ணி 'அண்ணாச்சி சாப்' என்று சலாம் வைப்பார்கள்.

கேம்ப் வாட்ச்மேன் சாலிம் உள்ளூர் பெதூயின், பாலைவன நாடோடிக் கூட்டத்தைச் சேர்ந்தவர். வெள்ளிக்கிழமை விடிந்ததும் பாலைவனத்தில் மேயும் தன் ஒட்டகங்களைப் பார்க்க பிக்கப்பில் கிளம்புவார். போகிற வழியில் ஒரு முள்மரத்தடியில் அண்ணாச்சியை இறக்கிவிட்டு, தன் பழைய துப்பாக்கியையும் மூன்று தோட்டாக்களையும் கொடுத்துவிட்டுப் போவார். மதியத்துக்கு முன் வந்து மூன்றையும் திருப்பி வாங்கிக்கொள்வார். இரண்டு வருடமாக இந்த ஏற்பாடு ஒரு குறையும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது.

கேம்பில் தினமும் ஐஸ் கோழி. ரப்பரும் மரத்தூளும் கலந்த ஒரு ருசி. அதைத் தின்று நொந்தவர்கள் எல்லாருக்கும் மான்கறி ஆசை வந்துவிடும். 'என்னையும் கூட்டிட்டுப் போங்க' என்று அண்ணாச்சியிடம் வருவார்கள். அண்ணாச்சி உடனே ஒத்துக்கொள்வார். ஆனால் அதற்கு முன் பயிற்சி உண்டு.

மெஸ்ஸுக்குப் பின்னால் ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு, புதியவரை அதில் உட்காரவைப்பார். ஒரு மணி நேரம் அசையக்கூடாது. எதிரே இவரும் ஒரு டப்பாவில் உட்கார்ந்து கவனிப்பார்.

"மூக்கைத் தொட்டீரு. மான் ஓடிட்டு."

"ஈ உட்கார்ந்துச்சு அண்ணாச்சி."

"ஈ உம்ம மூக்கிலதான உட்கார்ந்துச்சு, மான் மூக்கிலயா? அடுத்த வாரம் வாரும்."

பாடத்திட்டம் நீளமானது. முதல் மூன்று மாதம் மணலை மட்டும் எதிர்பார்க்க வேண்டும். அடுத்த மூன்று மாதம் புழுக்கை. ஆறு மாதம் கழித்துக் குளம்புத் தடம். "ஒரு வருசத்துல வாலைப் பாத்தீருன்னா உமக்கு அதிர்ஷ்டம்னு வச்சுக்கிடும்" என்பார். பெரும்பாலானவர்கள் மணலிலேயே பாஸாகாமல் ஐஸ் கோழிக்குத் திரும்பிவிட்டார்கள்.

மெஸ் குக் பாலக்காட்டுக்காரர். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மிளகும் மல்லியும் வறுத்து மான்கறிக்கென்றே மசாலா அரைத்து வைப்பார். மதியம் அண்ணாச்சி வெறுங்கையோடு இறங்கி வருவார்.

"மான் எவிடே அண்ணாச்சி?"

"வந்துக்கிட்டு இருக்கு."

அந்த மசாலா பருப்பில் விழும். வெள்ளிக்கிழமைப் பருப்பு அந்த வட்டாரத்திலேயே பிரசித்தமானது இப்படித்தான்.

சைட்டிலும் அதே ஆள்தான். காற்று அடித்தால் கிரேனில் சுமையைத் தூக்கமாட்டார். கீழே சூப்பர்வைசர் 'ஜல்தி, ஜல்தி' என்று தொண்டை கிழியக் கத்துவார். அண்ணாச்சி கேபினிலிருந்து தலையை நீட்டி, "காத்து படுக்கட்டும் சார்" என்பார். அவர் கிரேனிலிருந்து ஒரு செங்கல்லும் யார் தலையிலும் விழுந்ததில்லை என்பதை நாங்கள் யாரும் அப்போது கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பயிற்சியில் தேறிய ஒரே மாணவன் நான்தான். தேறினேன் என்பதைவிட, பெயிண்ட் டப்பாவில் உட்கார்ந்தபடியே தூங்கும் கலையைக் கற்றுக்கொண்டேன் என்று சொல்வதே நியாயம். ஏப்ரல் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை என்னையும் கூட்டிப்போனார். சாலிம் எங்களை மரத்தடியில் இறக்கினார். துப்பாக்கி, மூன்று தோட்டா, ஒரு கேன் தண்ணீர். பிக்கப் மணல்மேட்டுக்குப் பின்னால் மறைந்தது.

பதினோரு மணி ஆயிற்று. சாலிம் வரவில்லை. பன்னிரண்டு ஆயிற்று. மரத்தின் நிழல் சுருங்கி ஒரு துண்டு விரிக்கும் அளவுக்கு வந்துவிட்டது. தண்ணீர் கேனில் பாதிக்குக் கீழே. மணல் அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி இருந்தது.

நான் எழுந்தேன். "அண்ணாச்சி, மேற்கால நடந்தா ரோடு வந்துரும்."

"எத்தனை மைலுன்னு தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப இரும். இந்த மரம் சாலிமுக்குத் தெரியும். நீரு நடந்து போற இடம் சாலிமுக்குத் தெரியாது."

இரண்டு மணிக்கு நான் அழுதேன். நாசூக்காக இல்லை. மூக்கு ஒழுக, அம்மா பெயரைச் சொல்லி, இருபத்தாறு வயது ஆண்பிள்ளை. ஊரில் நிச்சயம் செய்திருந்த பெண்ணின் பெயரையும் சொன்னதாக ஞாபகம். ஓடவே ஆரம்பித்தேன். அண்ணாச்சி பின்னால் வந்து சட்டையைப் பிடித்து இழுத்து மரத்தடியில் உட்காரவைத்தார். மிச்சத் தண்ணீரில் தன் பங்கையும் எனக்கே ஊற்றினார். பிறகு துப்பாக்கியை எடுத்து வானத்தைப் பார்த்து ஒருமுறை சுட்டார்.

"இப்பம் நூறு வரைக்கும் எண்ணும். மெதுவா."

எண்ணினேன். நூறு வந்ததும் மறுபடி நூறு. அரை மணி இப்படிப் போனபின் இரண்டாவது. மூன்றாவதைச் சுடும்போது மணி மூன்றரை. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆனபிறகு விசித்திரமாக என் அழுகையும் நின்றுவிட்டது. இருவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம்.

வெயில் சாயத் தொடங்கியபோது அது வந்தது. ஆட்டுக்குட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. மணல் நிறம், கண்ணோரம் கறுப்புக் கோடு. இருபது அடி தூரத்தில் நின்று, எங்களை ஏதோ இரண்டு கல் என்று நினைத்து, காய்ந்த செடியைக் கடித்தது. அண்ணாச்சியின் மடியில் வெறும் துப்பாக்கி. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

"பாத்துக்கிடும்," என்றார் உதடு அசையாமல். "வரும்னு சொன்னேம்லா."

கடைசிவரை அவர் மூக்கைத் தொடவில்லை. தூரத்தில் எஞ்சின் சத்தம் கேட்டதும் அது இரண்டே தாவலில் மறைந்தது. சாலிம் வேறு யாருடைய வண்டியிலோ தொங்கிக்கொண்டு வந்தார். "காடி கராப், காடி கராப்" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவருடைய பிக்கப் உடைந்து எங்கோ கிடந்தது. வண்டி தேடி அலைந்து, வழி மாறி, வெடிச்சத்தம் கேட்டுத்தான் திரும்பியிருக்கிறார்.

மெஸ்ஸில் முழு கேம்பும் காத்திருந்தது. கேட்டில் சாலிம் வெறும் துப்பாக்கியைத் திருப்பி வாங்கியபோதே, மூன்று தோட்டாவும் செலவான செய்தி எங்களுக்கு முன் மெஸ்ஸுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. குக் கரண்டியோடு வந்து நின்றார்.

"மூணும் வெடிச்சோ? மான் எவிடே?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். என் முகத்தில் அழுத கோடு காய்ந்து இன்னும் தெரிந்திருக்கும்.

"கிட்டத்துல வந்துச்சுய்யா," என்றார். "மூணு தடவை சுட்டேன். மூணும் தப்பிட்டு."

மெஸ் அதிர்ந்தது. சிரித்துச் சிரித்து ஒருவருக்குப் புரையேறி முதுகில் தட்டவேண்டியிருந்தது. சாலிமுக்கு உண்மை தெரியும். அவரிடம் யாரும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து பெயிண்ட் டப்பாவில் உட்கார ஒருவரும் வரவில்லை. 'ஷிகாரி' போய் 'குறிதப்பி அண்ணாச்சி' ஆனார்.

ஒரு வாரம் கழித்து அறையில் கேட்டேன். "ஏன் அண்ணாச்சி அப்படிச் சொன்னீங்க?"

"நீரு அழுதீருன்னு சொன்னா, ஊருக்குப் போறவரைக்கும் உம்மை விடமாட்டானுவ. நான் தப்ப விட்டேன்னா ஒரு மாசத்துல மறந்துருவானுவ."

மறக்கவில்லை. ஒரு வருடம் கழித்து அவர் ரியாத் வேலைக்குக் கிளம்பிய அன்றும், வண்டி ஏறும்போது யாரோ அந்தப் பெயரைச் சொல்லித்தான் கையாட்டினார்கள். அவரும் சிரித்துக்கொண்டே கையாட்டினார்.

அவர் எந்த மானையும் குறிவைக்கவும் இல்லை, தவறவிடவும் இல்லை. இதை நான் அன்றைக்கே மெஸ்ஸில் எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. 'சாப்பிடும், சாப்பிடும்' என்று அவர் தன் தட்டிலிருந்து எடுத்து வைத்த கோழித் துண்டை, தலை நிமிராமல் தின்றுகொண்டிருந்தேன்.