ஒன்பதாம் வாய்ப்பாட்டில் ஒன்று குறைகிறது

நேற்றுக் காலைவரை மதிப்புக்கும் மரியாதைக்கும் உரியவராக இருந்த மைத்துனர், கணக்கு வாத்தியார் அவர்களுக்கு, உன் அக்காவைக் கட்டியதைத் தவிர வேறு ஒரு தப்பும் செய்தறியாத மாமா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் சுகம். அங்கே நீ சுகமா என்று கேட்பதுதான் முறை. கேட்கப் போவதில்லை. போனிலேயே திட்டியிருப்பேன், பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார், அதனால்தான் பேனாவைப் பிடித்திருக்கிறேன்.

எங்கள் மரப்பட்டறை மேஸ்திரி கண் தெரியவில்லை என்று வேலையிலிருந்து நின்றுகொண்டார். அந்த இடத்துக்கு நான் இருபத்திரண்டு வருஷமாகக் காத்திருப்பது உனக்குத் தெரியும், உன் அக்கா சொல்லிச் சொல்லித் தெருவுக்கே தெரியும். முதலாளி என்னைக் கூப்பிட்டு "இனிமே நீதான்" என்று சொல்லப்போகிறார் என்று சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனால், மனுஷர் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து, "நாம செய்யறது பூரா நூலகத்துக்குப் புத்தக அலமாரி. ஒரு அலமாரிக்கு ஒம்பது தட்டு. ஒம்பதாம் வாய்ப்பாடு தெரியாதவன் மேஸ்திரியா இருந்தா மரந்தான் வீணாப்போகும். வெள்ளிக்கிழமை பரீட்சை, பத்துக் கேள்வி" என்று சொல்லிவிட்டார். நானோ மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், இத்தனை வருஷமும் தட்டுப்பலகைகளைத் தரையில் பரப்பி ஒன்று இரண்டு என்று எண்ணியே வண்டியை ஓட்டியவன். போட்டிக்கு யார் என்று நினைக்கிறாய்? பாலீஷ் போடுகிறவன், எண்ணெய் தடவிய தலையோடு வருவதால் நாங்கள் மினுக்கு என்று கூப்பிடுவோமே, அவன். அவன் மேஸ்திரியானால் நான் பொழுது விடிந்து பொழுது போனால் அவனிடம் "சரிங்க மேஸ்திரி" என்று நிற்க வேண்டும். அதைவிட நாக்கை இழைப்புளியில் கொடுத்துச் சீவிக்கொள்ளலாம்.

அந்தப் பதற்றத்தில்தான் உனக்குப் போன் போட்டேன். "நாலு நாள்ல எங்கேர்ந்துப்பா மனப்பாடம் பண்றது?" என்றேன். நீ என்ன சொன்னாய்? "மனப்பாடமே வேண்டாம் மாமா. ரெண்டு கையையும் முன்னால விரிச்சு வையுங்க. ஒம்பதை நாலால பெருக்கணுமா, இடது பக்கத்துலேர்ந்து நாலாவது விரலை மடக்குங்க. மடக்கின விரலுக்கு இடப்பக்கம் எத்தனை விரலோ அத்தனை பத்து, வலப்பக்கம் எத்தனையோ அத்தனை ஒண்ணு. கதை முடிஞ்சுது." நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மடக்கினேன். இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் ஐந்து. முப்பத்தைந்து! "வந்துருச்சு மச்சான்!" என்று கத்தினேன். "வந்துருச்சா? அவ்வளவுதான், நீங்க பாஸ் மாமா" என்று வைத்துவிட்டாய். என்ன வந்தது என்று ஒரு வார்த்தை கேட்டாயா? சம்பளம் வாங்குகிற வாத்தியார், விடை என்ன என்று கேட்க உனக்கு வாய் வலித்ததா?

அன்றிலிருந்து மடக்கு மடக்கு என்று மடக்கினேன். பேருந்தில் மடக்கினேன், எதிரே இருந்த அம்மா தன் பையை எடுத்துக்கொண்டு வேறு இருக்கைக்குப் போய்விட்டார். முடிவெட்டும் கடையில் துணிக்கு அடியில் மடக்கினேன், கடைக்காரர் கத்தரியை நிறுத்திவிட்டு, "அண்ணே, வலிப்பு கிலிப்பு வருமா?" என்று கேட்டார். உன் அக்காவிடம், "ஒம்பது எட்டு எழுபத்தொண்ணு, சரிதானே?" என்று கேட்டேன். துணி மடித்துக்கொண்டே "ம்" என்றாள். உங்கள் குடும்பமே இப்படித்தானா? இல்லை, எனக்கென்று பொறுக்கி எடுத்தவர்களா?

வியாழக்கிழமை எட்டு அலமாரிக்குத் தட்டு அறுக்கச் சொன்னார்கள். எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை வீட்டில் வைத்துவிட்டு, விரலை மடக்கி எழுபத்தொன்று அறுத்தேன். மாட்டிக்கொண்டே வந்தால் கடைசி அலமாரியில் ஒரு தட்டு இல்லை. கணக்கு சரி, வாத்தியார் சொன்ன கணக்கு. அப்படியானால் திருட்டுதானே? நேரே மினுக்கிடம் போய், "என் பலகையை எடுடா" என்றேன்.

"எந்தப் பலகை?"

"எழுபத்திரெண்டாவது பலகை."

"நீ எத்தனை அறுத்தே?"

"எழுபத்தொண்ணு."

"அறுக்காத பலகையை நான் எங்கேர்ந்துய்யா திருடறது?" என்றான். பட்டறையே சிரித்தது. எனக்கு ஆத்திரத்தில் அது ஏறவில்லை. அவன் சாப்பாட்டுப் பையைப் பிடுங்கிக் கவிழ்த்தேன். மூன்றடிப் பலகை சாப்பாட்டுப் பைக்குள் இருக்குமா என்று நீ கேட்கலாம். அங்கேயும் எல்லாரும் அதையேதான் கேட்டார்கள்.

மறுநாள் பரீட்சை. ஆளுக்கு ஒரு பலகை, ஒரு தாள், ஒரு பென்சில். முதல் கேள்வி, ஒன்பதை ஒன்றால் பெருக்கு. முதல் விரலை மடக்கினேன். இடப்பக்கம் ஒன்றுமில்லை, வலப்பக்கம் எட்டு. ஒன்பதை ஒரு தடவை எடுத்தால் எட்டா என்று மனசுக்குள் ஒரு உறுத்தல் வந்தது. இருந்தாலும் படித்தவன் சொன்னால் அதில் ஏதோ இருக்கும் என்று, உன்மேல் இருந்த மரியாதைக்காகவே எட்டு என்று எழுதினேன். அந்த மரியாதையை இப்போது திருப்பி எடுத்துக்கொள்கிறேன். பதினேழு, இருபத்தாறு, முப்பத்தைந்து என்று தண்ணீர் மாதிரி ஓடியது. மினுக்கு பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தான். பத்தாவது கேள்வி, ஒன்பதைப் பத்தால் பெருக்கு. பத்தாவது விரலை மடக்கப் போனேன். காணோம். திரும்ப இடப்பக்கத்திலிருந்து எண்ணினேன். ஒன்பதுதான். அப்போதுதான் மச்சான், பதினொரு வருஷத்துக்கு முன்னால் ரம்பத்துக்குக் கொடுத்த என் இடது கைச் சுண்டுவிரல் ஞாபகத்துக்கு வந்தது! இல்லாமல் பழகிவிட்டது, மறந்தே போய்விட்டது. நான் மறக்கலாம், என் விரல். நீ எப்படி மறக்கலாம்? ஆஸ்பத்திரியில் என் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, எனக்கு வந்த ஆரஞ்சுப் பழத்தையெல்லாம் உரித்து உரித்துத் தின்றவன் நீதானே? அழித்து எழுதலாம் என்று பார்த்தால் முதலாளி தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மினுக்கு பத்துக்கு ஆறு. நான் பத்துக்கு முட்டை. ஒன்பது தப்பு, ஒன்று வெறுமை. "பத்தால பெருக்கறதுக்கு எதுக்குங்க விரல்? ஒம்பதுக்குப் பக்கத்துல ஒரு பூஜ்யத்தைப் போட்டா ஆச்சு" என்கிறாள் உன் அக்கா, எல்லாம் முடிந்த பிறகு. மினுக்கு நேற்றே என்னைப் பார்த்து, "நாளைக்கு வரும்போது என் பைக்கு ஒரு பூட்டு வாங்கிட்டு வா" என்றான். முதலாளி முடிவைத் திங்கட்கிழமை சொல்வாராம். இதில் சொல்ல என்ன இருக்கிறது? இருபத்திரண்டு வருஷத்தை ஒரு போனில் கரைத்துவிட்டாய். இனி உன்னிடம் கணக்கு கேட்டால் என் பெயரை மாற்றிக் கூப்பிடு. உன்னிடம் படிக்கிற பிள்ளைகளுக்காவது எல்லா விரலும் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகளுக்கு என் ஆசி, முழு ஆசி. உனக்கு வெறும் கையெழுத்து மட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டுவதற்குப் பசை தேடிக்கொண்டிருந்தபோது முதலாளியே வீட்டுக்கு வந்துவிட்டார், கையில் என் தாள். "ஒம்பது கேள்வியிலயும் சரியா ஒண்ணே ஒண்ணு குறையுதேப்பா, எப்படி?" என்றார். கையைக் காட்டினேன். முக்காலியைத் தேடி உட்கார்ந்து சிரித்தார். பிறகு, "முனை உடைஞ்ச டேப்ல வேலை செஞ்சிருக்கியா?" என்று கேட்டார். "செஞ்சிருக்கேன், ஒரு அங்குலம் போயிருந்தா அளந்ததுல ஒண்ணைக் கழிச்சுக்குவேன்" என்றேன். "இதுல ஒண்ணைக் கூட்டிக்கோ, அவ்வளவுதானே? மினுக்கு விட்ட நாலு தப்பும் நாலு தினுசு, அதை நான் எதைக் கொண்டு சரிபண்றது? நீயே மேஸ்திரியா இரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் வேறு யாரோ எழுதியதாக வைத்துக்கொள். நீ நல்ல வாத்தியார். திங்கட்கிழமை பன்னிரண்டு அலமாரிக்குத் தட்டு அறுக்க வேண்டும். என் ஒன்பது விரல் போதாது என்று உன் அக்காவும் கையை விரித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய மூன்றாவது விரலை மடக்கலாமா, கூடாதா? உடனே போன் போடு மச்சான்.