காகிதப்பூவைச் சாகடிக்கப் போன வெங்கடரமணன்

சத்தியவேடு வெங்கடரமணன் ஒரு பெரிய முடிவு எடுத்துக்கினான். வீட்டு முன்னாடி இருக்கிற பூச்செடி அத்தனையும் சாகணும். ஆனா இவன் கொன்ன மாதிரி தெரியக் கூடாது. தானாச் செத்த மாதிரி இருக்கணும்.

எல்லாம் ஒரு காருக்காக. ஸ்ரீசிட்டி கம்பெனியில கூட வேலை பார்க்கிற சீனு கார் வாங்கினானாம், இவனும் ஒரு பழைய கறுப்புக் காரை ஓட்டிக்கினு வந்துட்டான். நிறுத்த எடம் ரோட்டோரப் புளியமரத்தடிதான். விடிஞ்சு போய்ப் பார்த்தா காக்காயெல்லாம் சேர்ந்து அதை வெள்ளைக் கார் ஆக்கியிருக்கும். தினம் அரை மணி நேரம் அதைக் குளிப்பாட்டுவான். இவன் குளிக்கிறது அஞ்சு நிமிஷம்.

வாசல்ல எடம் இருக்குது. அதுல காகிதப்பூ, செவ்வரளி, இட்லிப்பூ, நந்தியாவட்டை. ஒரு தரம் வெச்சா வருஷக்கணக்கா நிக்கிற சாதி. வெயிலு, மழை, மாட்டுக் குளம்பு, எதுக்கும் அசையாது. வெச்சவ இவன் பொண்டாட்டி தாட்சாயணி. மனையும் அவ நைனா எழுதிக் குடுத்தது. அவ தலையாட்டாம ஒரு சட்டி சிமெண்ட் உள்ள வராது.

செடியைப் புடுங்கிட்டு காரு நிறுத்த சிமெண்ட் தரை போடலாமான்னு இவன் கேட்டான். அவ சண்டை போடல.

"உசுரோட இருக்கிறதைப் புடுங்க வுடமாட்டேன். புரட்டாசி பொறக்கறதுக்குள்ள தானாச் செத்துப்போனா, நானே மேஸ்திரியக் கூப்புடறேன். இன்னாங்க, சரியா?"

சரின்னுட்டான். வெதுருகுப்பத்துல ஏர் ஓட்டின குடும்பத்துல பொறந்தவன்தான். ஆனா மண்வெட்டிக்கு எந்தப் பக்கம் காம்புன்னு யோசிச்சுத்தான் சொல்லுவான். அதைப் பெருமையா வேற சொல்லிக்குவான்.

சித்திரை மாசம் தாட்சாயணி திருப்பதிக்குப் புறப்பட்டா. அலிபிரி பக்கத்துல தங்கச்சி வீடு. செருப்பு மாட்டிக்கினே ஒண்ணு சொல்லிட்டுப் போனா: தண்ணியை நிறுத்திட்டா காகிதப்பூ கருகிடும், மறந்துடாதீங்க.

பஸ் தெருமுனை திரும்புறதுக்குள்ள குழாயை மூடினான். இருபது நாள் ஒரு சொட்டு வுடல. இலையெல்லாம் கொட்டிச்சு. இவனுக்கு சோறு ருசிச்சது. அவ திரும்பி வர்ற அன்னிக்குப் பார்த்தா, மதில் பூரா ரோஸ் கலரு. இலையே தெரியாம பூ. சாகப்போற செடி கடைசியா ஒரு தரம் சிரிக்குதுன்னு தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கினான். இவன் மூளைக்கு அதுவே ஜாஸ்தி.

ஆனியில அவ மதில் பக்கம் நின்னு அடுத்த வீட்டு வள்ளியம்மாள்கிட்ட பேசினா. இந்த மாசம் மட்டும் செடிங்க மேல கத்தி படக் கூடாது, பட்டா அதோட முடிஞ்சதுன்னு. கொஞ்சம் சத்தமாத்தான் பேசினா. உள்ள இவன் காது முறம் ஆயிடிச்சு.

அந்த ஞாயித்துக்கெழமை அவ கோயிலுக்குப் போனதும், நாலு சாதிச் செடியையும் முட்டி ஒசரத்துக்கு வெட்டித் தள்ளினான். கை பூரா கொப்புளம். கரண்டு கம்பியில படுதுன்னு வெட்டினேன்னு ஒரு பொய்யும் ரெடி பண்ணி வெச்சிருந்தான். அவ வந்து பார்த்துட்டு முந்தானையால மூஞ்சை மூடிக்கினா. தோளு குலுங்கிச்சு. அவ அழுவறதா நினைச்சு இவனும் கொஞ்சம் வருத்தப்பட்டான். அந்த வருத்தத்துல ரெண்டு வடை கூடத் துன்னான்.

ஆடியில அவ இன்னொண்ணு சொன்னா. ஆட்டுப் புழுக்கை சூடு, பழசா இருந்தா இன்னும் சூடு, வேரே வெந்துடும்னு. மறுநாளே இவன் ஊருக்குப் போய் மக்கின எரு ரெண்டு மூட்டை கட்டி, அந்தக் காருலயே ஏத்திக்கினு வந்தான். செடிக்கு செடி கொத்திக் கொட்டினான். காருக்குள்ள அந்த வாசனை இன்னிக்கும் போவல. தன் காரு ரிப்பேருன்னு ஒரு நாள் இதுல ஏறின சீனு, அடுத்த நாள் பஸ்ல போயிட்டான்.

புரட்டாசி பொறந்துச்சு. செத்திருக்கும்னு முன்கூட்டியே முடிவு பண்ணி, மேஸ்திரி இஸ்மாயிலை இவனே வரச் சொல்லியிருந்தான். அவர் டேப்போட வந்தவர் கேட்டுலயே நின்னுட்டார். உள்ள காலு வெக்க எடமில்ல. செவ்வரளி கொத்துக் கொத்தா. இட்லிப்பூ தட்டுத் தட்டா. நந்தியாவட்டை புதர் ஒவ்வொண்ணும் நாலாப் பெருத்திருந்துச்சு.

இஸ்மாயில் டேப்பைச் சுருட்டி ஜேபியில போட்டார்.

"அக்கா, இதே செடிங்க எங்க வீட்டுலயும் எட்டு வருஷமா நிக்குது. குச்சிதான் இருக்குது, பூவைக் காணோம். உங்க தோட்டக்காரன் யாரு?"

தாட்சாயணி புருஷனைப் பார்த்தா. அவன் புளியமரத்தைப் பார்த்துக்கினு நின்னான். அங்க காக்காயெல்லாம் வேலையை ஆரம்பிச்சுட்டிருந்துச்சு.

"இவர்தான் பாய். ஞாயித்துக்கெழமை சும்மாதான் இருப்பாரு, கூட்டிக்கினு போங்க. செடியைத் தொடவே கூடாதுன்னு மட்டும் கண்டிப்பா சொல்லிடுங்க."