நான் கண்டுபிடித்த மிசிசிப்பிப் பியானோக்காரர்

நான் ஏழு மாதங்கள் ப்ளூஸ் பியானோ நிபுணராக இருந்திருக்கிறேன். இதை நானாக யாரிடமும் சொல்வதில்லை. சொல்லத் தேவையும் இல்லை. டென்மார்க்கில் ஹோர்சன்ஸிலிருந்து ஹேர்னிங் வரை உள்ள தமிழர்களில் பாதிப்பேருக்கு என் மனைவியின் தமையன் செல்வம் மச்சான் சொல்லிவிட்டார். மற்றப் பாதிப்பேர் அன்றைக்கு நேரிலேயே வந்திருந்தார்கள்.

வியாதி தொற்றியது வேலைத்தலத்தில். பண்டகசாலையில் என்னோடு பெட்டி அடுக்குகிற யோர்கன் என்ற டேனிஷ்காரர், ஒரு நாள் கோப்பி இடைவேளையில் தன் ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டினார். பழைய பியானோ. பின்னால் எண்ணெய் பொரிகிற மாதிரி ஓர் இரைச்சல். ஒரு காலத்தில் அமெரிக்காவின் தெற்கில், மரம் வெட்டுகிற முகாம்களுக்கும் சாராயக் கொட்டில்களுக்கும் ரயிலில் தொற்றிப்போய் வாசித்த கறுப்பினக் கலைஞர்களாம் இவர்கள். ஊருக்கொரு பாணி. யாரோ ஒரு கம்பெனிக்காரன் பிடித்து உட்காரவைத்து இரண்டு பாட்டுப் பதிவுசெய்வான். அதோடு ஆள் மறைந்துவிடுவார். படம் இல்லை, பிறந்த ஊர் தெரியாது. அந்த இசைத்தட்டும் உலகத்தில் மூன்றோ நாலோதான் மிச்சம்.

யோர்கன் இவற்றை முப்பது வருசமாகச் சேகரிக்கிறவர். கேட்டால், "எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது" என்பார். நான் இணையத்தில் மூன்று கிழமை வாசித்தேன். எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு வீட்டில் எந்தச் சத்தம் கேட்டாலும் நான் விளக்கம் சொன்னேன். சலவை மெஷின் சுற்றினால், "இது டெக்ஸஸ்காரரின்ரை இடக்கை, கேட்டியே?" என்பேன்.

"உங்கடை இடக்கையாலை அந்தக் குப்பைப் பையை ஒருக்கா வெளியிலை வையுங்கோ" என்பாள் என் மனைவி ரெஜினா.

இந்த நிலையில்தான் ஒரு பழைய சாமான் கடையில், அக்கோடியன் இசைத்தட்டுகளுக்கு நடுவில், அந்தக் கறுப்புத் தட்டைக் கண்டேன். பெயர் இல்லை, கம்பெனி இல்லை. நடுவில் பென்சிலால் ஆங்கில ‘ஐ’ எழுத்து மட்டும். (ரோமன் இலக்கம் ஒன்று என்று முடிவுசெய்தேன். முதற்பதிவு!) வீட்டுக்கு ஓடிவந்து என் பிளேயரில் போட்டேன். பாரமான, இருண்ட பியானோ. ஒவ்வொரு சுரமும் சீமெந்து மூட்டையை இறக்குகிற மாதிரி விழுந்தது. கடைசியில், கிணற்றின் அடியிலிருந்து ஓர் ஆண்குரல் முனகியது: "டில்ல்... யூஊ... டையிங்ங்..."

நீ சாகும்வரை! நான் சோபாவில் இருந்து அழுதேன். உண்மையாகவே அழுதேன்.

ஒரு கிழமைக்குள் அந்த மனுசனுக்கு முழு வாழ்க்கை வரலாறும் எழுதிவிட்டேன். ஊர் மிசிசிப்பி. பார்வை இல்லை; இவ்வளவு தடவித் தடவி வாசிக்கிறவருக்கு எப்படிப் பார்வை இருக்கும்? மனைவி விட்டுவிட்டுப் போய்விட்டாள். சுரங்களுக்கு நடுவில் அந்தப் பெரிய இடைவெளியை வைத்து, ஆளுக்கு இராட்சதக் கை என்று கண்டுபிடித்தேன். ‘பெரியகை’ என்று பெயரும் சூட்டினேன்.

யோர்கனிடம் சொன்னபோது அவர் முகம் வெளுத்தது. "ஒரு தடவை கேட்கலாமா?"

"ஒரு கூட்டம் வையுங்கள், அதில்தான். ஊசி படப் படத் தட்டுத் தேய்ந்துவிடும்."

முப்பது வருசச் சேகரிப்பாளருக்கு நான் சொன்ன பாடம் அது. உண்மையில், அவர் கேட்டால் கண்டுபிடிப்பில் பங்கு கேட்பாரோ என்ற பயம். தட்டை ரெஜினாவின் கூறைச்சீலைக்குள் சுற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். பாவம் யோர்கன், என்னை நம்பித் தன் இசைத்தட்டுக் கழகத்தில் சொல்லி, நூலக மண்டபத்தை ஒரு சனிக்கிழமை பின்னேரத்துக்கு ஒழுங்குபண்ணினார். ஒடென்சேயில் இருந்து இரண்டு பெரிய சேகரிப்பாளர்களை வரவழைத்தார். சுவரொட்டியில் தலைப்பு: ‘அகதியும் ப்ளூஸும்’.

அகதி நான்தான். விபரம் சொல்லிவிடுகிறேன். அப்பா முதலே இங்கே வந்து, வேலை எடுத்து, வீடும் எடுத்து வைத்திருந்தார். ஒன்பது வயதில் நான் அம்மாவோடு விமானத்தில் வந்து இறங்கினேன். அதற்குப் பிறகு நான் பட்ட பெருந்துன்பம், பள்ளிக்கூடத்தில் நீச்சல் பாடமும் ஈரல் விழுது பூசிய பாணும். ஆனால் மேடையில் ஏறிப் பார்த்தால், முன்வரிசை டேனிஷ் அம்மாக்கள் கைக்குட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தார்கள். அவர்களை ஏமாற்றுவது மரியாதை இல்லை என்று பட்டது.

"இந்த இசையை நான் காதால் கேட்கவில்லை," என்றேன் குரலைத் தாழ்த்தி. "காயத்தால் கேட்கிறேன்."

மூன்றாம் வரிசையில் என் மகள் அனா சட்டைத் தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டாள். "ஃபார், ஸ்டொப் நு," என்று முனகினாள். (அப்பா, இப்ப நிப்பாட்டுங்கோ.)

பக்கத்தில், ஹேர்னிங்கிலிருந்து கோட் சூட்டோடு வந்திருந்த செல்வம் மச்சானால் பொறுக்கமுடியவில்லை. "உனக்கென்னடா மச்சான் காயம்? பிளேனிலை ஜன்னல் சீற்றிலை எல்லோ உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தவை!" என்று தமிழில் கத்தினார்.

டேனிஷ்காரருக்கு விளங்கவில்லை. யாரோ உறவினர் தாங்கமாட்டாமல் கதறுகிறார் என்று நினைத்தார்கள். இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள்.

கூறைச்சீலையை அவிழ்த்துத் தட்டை எடுத்தேன். நூலகத்தின் பிளேயரில் யோர்கன் அதை வைத்து, "என்ன வேகம்?" என்று கேட்டார்.

"நாற்பத்தைந்து."

தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நிச்சயமாகவா?"

"யோர்கன், ஏழு மாதமாக ஆராய்ச்சி செய்கிறவன் நான்."

பியானோ முனகத் தொடங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டு தலையை மெதுவாக ஆட்டினேன். (அந்தப் புகைப்படம் இப்போதும் மச்சானின் கைபேசியில் இருக்கிறது.) கடைசியில் கிணற்றுக்குரல் எழுந்தது. "நீ சாகும்வரை," என்று மொழிபெயர்த்துவிட்டு, மேசையில் கையை ஊன்றிக் குனிந்து நின்றேன்.

ஒடென்சேக்காரர் ஒருவர் விரலை உயர்த்தினார். டேனிஷ்காரர் உங்களைக் கொல்லப்போகும்போது மிகவும் மென்மையாகக் கதைப்பார்கள். "மிக அருமையான உரை. ஒரேயொரு சின்ன யோசனை. எழுபத்தெட்டில் ஒரு தடவை போட்டுப் பார்ப்போமா?"

பழைய தட்டுகள் நிமிசத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்றுச் சுற்றவேண்டும். அது இந்தத் துறையில் அரிச்சுவடி. நானும் அந்த இலக்கத்தை ஆயிரம் தரம் வாசித்திருந்தேன். ஏதோ தட்டின் அளவாக்கும் என்று தாண்டிப்போனேன். என் வீட்டுப் பிளேயரில் இருந்தது முப்பத்துமூன்றும் நாற்பத்தைந்தும்தான். முப்பத்துமூன்றில் மாடு சாகிற சத்தம் வந்தது. ஆகவே மற்றது சரி என்று எடுத்துக்கொண்டேன்.

யோர்கன் குமிழைத் திருப்பினார்.

பொல்கா! துள்ளிக் குதிக்கிற, கலியாண வீட்டு நடன இசை. என் குருட்டுப் பியானோக்காரர் எழும்பி ஓடினார். தட்டுக்குள்ளேயே பின்னால் யாரோ காலால் தாளம் தட்டினார்கள், ஒரு சின்னப்பிள்ளை கெக்கட்டம் விட்டுச் சிரித்தது. முடிவில், ஹோர்சன்ஸ் ராகத்தில், சந்தோசமான ஒரு மனுசக்குரல்: "டில்லுக்க மெ டேயென், இங்கர்!"

பிறந்தநாள் வாழ்த்து, இங்கர். நான் முப்பது வருசமாக டென்மார்க்கில் ஒவ்வொரு கேக்குக்கு முன்னாலும் நின்று சொல்கிற வாக்கியம். அதைக் கேட்டுத்தான் சோபாவில் இருந்து அழுதேன்.

அந்த வயதுக் கூட்டத்தில் நாலு இங்கர்கள் இருந்தார்கள். நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்வரிசையில் ஒருவர் மட்டும், பிடித்து நடக்கிற தன் தள்ளுவண்டியைப் பற்றிக்கொண்டு எழுந்தார்.

"அது என் அப்பா," என்றார். "எனக்கு அன்றைக்கு ஐந்து வயது. மாமாவின் ரேடியோக் கடையில் பதிவுசெய்தது. வீடு மாறும்போது பெட்டியோடு போய்விட்டது."

இந்த இடத்தில் ஒரு புத்தியுள்ளவன் வாயை மூடியிருப்பான்.

"அவருக்குப் பார்வை..." என்று இழுத்தேன்.

"நல்ல பார்வை. வரி அலுவலகத்தில் அதிகாரி. ஊரில் ஒருவரும் அவரிடமிருந்து ஒன்றையும் ஒளிக்கமுடியாது."

"கை? பெரிய கையோ?"

"இல்லையே. அம்மாவின் கையுறைதான் அவருக்கு அளவு."

ரெஜினா முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளாக்கும் என்று நம்ப விரும்பினேன்.

இங்கர் இன்னொரு தடவை கேட்கவேண்டும் என்றார். பிறகு இன்னொரு தடவை. கைக்குட்டையோடு வந்த அம்மாக்கள் கைதட்டத் தொடங்கினார்கள். நாலாவது தடவை செல்வம் மச்சான் கோட்டைக் கழற்றிவிட்டு, இங்கரின் ஒரு கையைப் பிடித்து, தள்ளுவண்டியையும் சேர்த்து ஆடவைத்தார். அந்தக் கிழவி சிரித்த சிரிப்பு, தட்டில் சிரித்த அதே சின்னப்பிள்ளையின் சிரிப்பு. நான் மட்டும் மேடையில், ‘அகதியும் ப்ளூஸும்’ என்ற எழுத்துக்குக் கீழே, கால் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"இப்பதான்ரா மச்சான் ஒழுங்கான பாட்டு!" என்றார் அவர் ஆடிக்கொண்டே.

தட்டை நான் பெருந்தன்மையோடு இங்கருக்குக் கொடுத்ததாக உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. பொய். நான் மேடையால் இறங்கமுதல் அவர் அதைச் சீலையோடு சேர்த்துத் தள்ளுவண்டிக் கூடையில் வைத்துவிட்டார். சீலையை வாங்கிவரப் போன ரெஜினா மூன்று மணித்தியாலம் கழித்து, இங்கரின் சினேகிதியாகத் திரும்பிவந்தாள். யோர்கன் இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் கிழமை கோப்பி இடைவேளையில் மறுபடியும் ஹெட்போனை நீட்டினார். "இவர் உண்மையாகவே டெக்ஸஸ்," என்றார். "நான் விசாரித்துவிட்டேன்."

வீட்டில்தான் எனக்கு விடுதலை இல்லை. என் குரலில் கொஞ்சம் சோகம் தட்டினால் போதும், "ஃபார், எழுபத்தெட்டு!" என்பாள் அனா. அப்படிச் சொன்னால் அதே கதையைத் திரும்ப வேகமாகச் சொல்லவேண்டும். அது குடும்பச் சட்டம்.

போன சனிக்கிழமை சோபாவில் சாய்ந்து, முழங்காலைத் தடவியபடி, "இந்தக் குளிர் நாட்டிலை... இவ்வளவு வருசம்... பெட்டி தூக்கித் தூக்கி..." என்று தொடங்கினேன்.

"எழுபத்தெட்டு!"

மூச்சை இழுத்து விட்டுச் சொன்னேன்: "எனக்கு உங்களோடை கடைக்கு வர விருப்பமில்லை."

"ஓம், இப்ப விளங்குது," என்று ரெஜினா கார்த் திறப்பை என் மடியில் போட்டாள்.